எச்சம் உரமாகும் ஊரில்

சூளூர்பேட்டை என்றதும் பலருக்கும் ராக்கெட்தான் நினைவுக்கு வரும். சென்னை சென்ட்ரலில் ஏறிய புறநகர் ரயில் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா என்று வந்து நிற்கும் கடைசி ஊர் இது. இங்கிருந்து கிழக்கே போகும் சாலை பழவேற்காடு ஏரியைக் குறுக்கே கடந்து ராக்கெட் ஏவுதளம் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவை அடைகிறது. சாலையின் இருபுறமும் சேறும் உப்புத் தண்ணீரும்தான். குளிர்காலத்தில் அந்த ஆழமில்லாத நீரில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். அவற்றின் பெயரில் ஊரில் ஒரு திருவிழாவே நடக்கிறது. தெலுங்கும் தமிழும் ஒரே கடைவாசலில் புழங்கும் இந்த ஊர் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது.

ஊருக்கு வடக்கே, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டினாற்போல நேலப்பட்டு இருக்கிறது. 1976-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. தண்ணீருக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன; நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் வக்காவும் உடன் வந்து சேர்கின்றன. குஞ்சுகள் வளரும் மாதங்களில் போய்ப் பார்த்தால் மரங்களின் இலை பச்சையாகவே தெரியாது. சுண்ணாம்பு அடித்ததுபோல் எச்சம் படிந்திருக்கும். மீனும் அம்மோனியாவும் கலந்த நெடி கரையிலேயே மூக்கைத் தாக்கும். அந்த எச்சம் ஏரித் தண்ணீரில் கரைந்து, மடை வழியாகக் கழனிக்குப் போகிறது. நைட்ரஜனும் பாஸ்பரசும் நிறைந்த அந்தத் தண்ணீர் பாய்ந்தால் நெல் தழைத்து வரும் என்பது அங்குள்ள உழவர்களின் அனுபவம். சரணாலயச் சட்டம் வருவதற்கு முன்பே ஊரார் பறவைகளைக் காத்ததற்கு இது ஒரு காரணம். வேடந்தாங்கலிலும் இதே கதைதான். அங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊரார் 1798-இலேயே செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுதி வாங்கிவிட்டார்கள்.

இப்போது இன்னொரு உண்மையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் நோயுற்ற பறவையின் எச்சத்தில் ஏராளமாக வெளியேறுகிறது. 4 டிகிரி செல்சியஸ் குளிரில் அந்த எச்சத்துக்குள் ஒரு மாதத்துக்கும் மேலாக உயிர்ப்போடு இருக்கிறது. 37 டிகிரி வெப்பத்திலும் ஆறு நாள் வரை தாக்குப்பிடிக்கிறது. அப்படியானால் கழனியில் பாயும் அந்தத் தண்ணீரை உரம் என்பதா, உயிரியல் அபாயம் என்பதா? இரண்டும் சரியாக இருக்க முடியும். எது எப்போது சரி என்று கேட்கத் தொடங்கினால்தான் உயிரியல் அபாயத்தின் வரையறையே விளங்கத் தொடங்கும்.

பேரிடர் தணிப்புக்கான ஐக்கிய நாடுகள் அலுவலகம் வைத்திருக்கும் வரையறை மிக அகலமானது. உயிரிகளிடமிருந்து தோன்றுபவை, உயிரிகளால் சுமந்து வரப்படுபவை எல்லாம் அதில் அடங்கும். பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி என்னும் நுண்ணுயிர்களோடு நச்சுப்பொருள்களும் சேரும். நச்சுள்ள விலங்குகள், பூச்சிகள், விஷச் செடிகள், நோய் சுமக்கும் கொசுக்கள் ஆகியவையும் சேரும். முழு உடல் கவச ஆடையும் கண்ணாடிச் சுவருமாகத் திரைப்படங்கள் பழக்கிவிட்ட காட்சி இந்தப் பட்டியலின் ஒரு ஓரத்தில்தான் இருக்கிறது. மீதியெல்லாம் வயலிலும் தொழுவத்திலும் சமையலறையிலும் இருக்கிறது.

பாம்பையே எடுத்துக்கொள்வோம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் இந்தியாவின் பெரும்பாலான பாம்புக்கடிச் சாவுகளுக்குக் காரணம். 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்பு கடித்து இறந்தார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இந்த எண்ணிக்கைக்கு எந்தத் தொலைக்காட்சியும் சிவப்பு எழுத்தில் செய்தி ஓட்டவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தவர், உழவு வேலைக்கு இறங்கியவர். 2030-க்குள் இந்தச் சாவுகளைப் பாதியாகக் குறைக்க ஒன்றிய அரசு 2024 மார்ச்சில்தான் ஒரு தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே பாம்பின் விஷத்தைத்தான் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்து வருகிறார்கள். குதிரைக்குச் சிறுகச் சிறுக அதைச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்தால் அதுவே விஷமுறிவு மருந்து. உயிரைப் பறிக்கும் பொருளும் உயிரைக் காக்கும் மருந்தின் மூலப்பொருளும் ஒரே பல்லிலிருந்து வருகின்றன.

ஆந்திராவிலேயே சித்தூர்ப் பக்கம் இன்னொரு பழைய அபாயம் உண்டு: அடைப்பான் நோய். ஆங்கில மருத்துவம் ஆந்த்ராக்ஸ் என்பது இதைத்தான். 2001-இல் அமெரிக்காவில் கடித உறைகளில் வந்ததால் அது உயிரியல் ஆயுதமாகப் பேர் எடுத்தது. ஆனால் சித்தூர் மாவட்டத்து ராமபத்ராபுரம் என்ற கிராமத்தில் அது மனிதர்களுக்குப் பரவியதை இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ் 1990-இலேயே பதிவு செய்துவிட்டது. அங்கே யாரும் யாருக்கும் உறை அனுப்பவில்லை. ஆடு மாடுகளின் நோய் அது. செத்த கால்நடையைத் தொடுபவர், தோலுரிப்பவர், கறி வெட்டுபவர் ஆகியோரின் கையில் உள்ள சிறு கீறல் வழியாக உள்ளே போகிறது. முதலில் பூச்சி கடித்ததுபோல் ஒரு தடிப்பு எழும். பிறகு கொப்புளமாகும். அது உடைந்ததும் நடுவில் கரிபோல் கறுத்த பொருக்கு தங்கும், வலியே இருக்காது. வலி இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போவதும் தாமதமாகும். இந்தக் கிருமியின் விசித்திரம் ஒன்றைக் கால்நடை வளர்ப்போர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். செத்த உடலுக்குள் அடைபட்டிருக்கும் வரை அது சாதாரண பாக்டீரியாதான். மற்ற அழுகல் கிருமிகள் அதை அழித்துவிடும். உடலைக் கிழித்துக் காற்றுப் படவிட்டால் உடனே கெட்டி ஓடு கட்டிய வித்தாக மாறிவிடுகிறது. அந்த வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் கிடந்து, இன்னொரு மழைக்காலத்தில் மேயவரும் ஆட்டுக்காகக் காத்திருக்கும். மூக்கிலும் வாயிலும் உறையாத கறுப்பு இரத்தம் வடியத் திடீரென்று செத்த மாட்டை அறுக்கக் கூடாது, பிரேதப் பரிசோதனைக்குக்கூட வெட்டக் கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். அபாயத்தின் அளவை அங்கே தீர்மானிப்பது ஒரு கத்தி.

வரையறை எல்லாருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேர்க்கடலை விளையும் மண் சித்தூருடையது. ஈரத்தோடு மூட்டை கட்டிய கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஒரு பச்சைப் பூஞ்சை வளர்ந்து அஃப்லடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கடலைப் பிண்ணாக்குத் தீவனம் தின்று மாண்டபோதுதான் உலகம் இதைக் கண்டறிந்தது. 1982-இல் சித்தூர் மாவட்டக் கோழிப்பண்ணைகளும் இதே நஞ்சால் பாதிக்கப்பட்டன. பூஞ்சை என்ற உயிரி சுரப்பதால் பேரிடர்த் துறையின் வரையறைப்படி இது உயிரியல் அபாயம். உணவுப் பாதுகாப்புத் துறையாரோ பெரும்பாலும் இதை வேதியியல் அபாயம் என்ற பெட்டியில் வைக்கிறார்கள். ஏனென்றால் பூஞ்சை செத்த பிறகும், வறுத்த பிறகும் நஞ்சின் பெரும்பகுதி மிஞ்சுகிறது, அதைப் பிடிக்க வேதியியல் சோதனைதான் வேண்டும். இரண்டு துறையாரும் தத்தம் வேலைக்கு ஏற்றபடி கோடு கிழித்திருக்கிறார்கள். அதில் தவறில்லை. கடலை காயப்போடுபவருக்கு எந்தப் பெட்டி என்பது முக்கியமே இல்லை, நன்றாகக் காய வேண்டும் என்பதுதான் முக்கியம்.

ஆய்வகங்களில் வேறொரு கோடு வேண்டியிருந்தது. அங்கே கிருமியைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். 1966-இல் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் சார்லஸ் பால்ட்வின் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு எச்சரிக்கைச் சின்னத்தை உருவாக்கினார்கள். மருத்துவமனையின் மஞ்சள் பையில் நாம் பார்க்கும், மூன்று பிறைகள் ஒரு வளையத்தில் கோத்த அதே சின்னம்தான். பல படங்களை மக்களிடம் காட்டி, எதற்கு யாராலும் பொருள் ஊகிக்க முடியவில்லையோ, ஆனால் ஒரு வாரம் கழித்தும் எது நினைவில் நின்றதோ, அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய பொருள் எதுவும் ஒட்டியிராத சின்னத்துக்குப் புதுப் பொருளைப் பழக்குவது எளிது என்பது அவர்களின் கணக்கு. பெட்டி எந்தப் பக்கம் புரண்டு கிடந்தாலும் சின்னம் ஒரே மாதிரி தெரிவதற்காக மும்மடிச் சமச்சீர் வைத்தார்கள்.

சின்னம் ஒன்றே போதாது. எவ்வளவு அபாயம் என்று சொல்ல ஒரு படிநிலை வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஆய்வகப் பாதுகாப்புக் கையேடு நுண்ணுயிர்களை நான்கு குழுக்களாக வகுத்தது. அதற்கு அடிப்படையான கேள்விகள் எளியவை. தொற்றினால் நோய் எவ்வளவு கடுமை? ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எவ்வளவு பரவும்? மருந்தோ தடுப்பூசியோ இருக்கிறதா? இட்லி மாவைப் பொங்கவைக்கும் பாக்டீரியா முதல் குழு. எபோலாவும், கேரளத்தில் 2018-இல் வந்த நிபாவும் நான்காம் குழு. எச்5என்1-ஐ மூன்றாம் நிலைக்குக் குறையாத பாதுகாப்பில்தான் கையாள வேண்டும்; இந்தியாவில் பறவைகளிடமிருந்து எடுக்கும் மாதிரிகளை உறுதி செய்வது போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்புக் கால்நடை நோய்கள் நிறுவனம். 1989-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இந்தியா வெளியிட்ட விதிகளும் அபாயகரமான நுண்ணுயிர்களைப் பட்டியல் போட்டுத்தான் அணுகின.

ஆனால் அந்தப் பட்டியல் முறையை 2020-இல் வந்த நான்காம் பதிப்பில் உலக சுகாதார நிறுவனமே பின்னுக்குத் தள்ளிவிட்டது. கிருமியின் பெயரைப் பார்த்துப் பூட்டின் வலிமையை முடிவு செய்யாதீர்கள். அதை வைத்து என்ன வேலை செய்கிறீர்கள், எவ்வளவு அளவு, யார் செய்கிறார், நுண்துளிகள் பறக்குமா என்பதைப் பாருங்கள் என்றது புதிய கையேடு. எனக்கு இது இத்துறையில் நிகழ்ந்த மிக நல்ல மாற்றமாகத் தோன்றுகிறது. கிருமிக்குத் தீங்கு செய்யும் திறன் இருப்பது அபாயம். அந்தத் தீங்கு ஒருவருக்கு உண்மையில் நேரக்கூடிய வாய்ப்பு, அதாவது இடர், வேறு; அது பாதையைப் பொறுத்தது, தொடும் ஆளைப் பொறுத்தது. இந்த இரண்டையும் குழப்பும்போதுதான் வீண் பீதியும் வருகிறது, அதே அளவு ஆபத்தான அலட்சியமும் வருகிறது.

எச்5என்1-ஐ வைத்தே இதைப் பார்க்கலாம். அதன் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் நீட்டிக்கொண்டிருக்கிறது. பெயரில் உள்ள எச் அதுதான். செல்லின் மேல் உள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொண்டுதான் வைரஸ் உள்ளே நுழையும். பறவைகளின் குடலில் அந்தச் சர்க்கரை ஒரு விதமாகக் கட்டப்பட்டிருக்கிறது. மனிதனின் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் வேறு விதமாக இருக்கிறது. பறவை வைரஸின் பிடி மனிதத் தொண்டையில் எளிதில் ஒட்டாது. ஆனால் நுரையீரலின் அடியாழத்தில் பறவைக்கு உரிய அதே கட்டமைப்பு மனிதனுக்கும் உண்டு. அதனால்தான் இந்த வைரஸ் மனிதருக்கு அரிதாகத் தொற்றுகிறது. தொற்றினால் கடுமையான நிமோனியாவாகிறது. அதே காரணத்தால் இருமலில் எளிதாக அடுத்தவருக்குப் போவதுமில்லை. 1997-இல் ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தனர். 2003 முதல் உலகெங்கும் உறுதி செய்யப்பட்டவர்கள் 900-க்கு மேல். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள்.

ஏரிக்கு ஏரியும் வேறுபாடு உண்டு. வெயிலும் உப்பும் கூடக்கூட இந்த வைரஸ் தண்ணீரில் நீடிக்கும் காலம் குறைகிறது. பழவேற்காட்டின் உப்பு நீரும் நேலப்பட்டின் நன்னீரும் இவ்விஷயத்தில் ஒன்றல்ல. ஜனவரியின் குளிர்ந்த காலையும் ஏப்ரல் மாத வெயிலும் ஒன்றல்ல. வலசைப் பறவைகள் வந்து கூடுவது குளிர்ந்த மாதங்களில்தான் என்பதால் கவனமும் அப்போதுதான் அதிகம் வேண்டும். 2005-இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் 6,000-க்கும் மேற்பட்ட காட்டுப் பறவைகள் எச்5என்1-ஆல் மாண்டன. அவற்றில் பெரும்பங்கு வரித்தலை வாத்துகள். இமயத்தைத் தாண்டி இந்தியாவுக்குக் குளிர்காலம் கழிக்க வரும் அதே இனம். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து நவாப்பூர் பண்ணைகளில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் உறுதியானது.

2024 பிப்ரவரியில் அது நெல்லூர் மாவட்டத்துக்கே வந்துவிட்டது. சாட்டகுட்லா, கும்மள்ளதிப்பா என்ற இரண்டு கிராமங்களில் கோழிகள் கூட்டமாகச் செத்தன. போபாலில் சோதனை உறுதியானதும் தேசியச் செயல்திட்டப்படி வேலை நடந்தது: நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் வளர்ப்புப் பறவைகளை அழிப்பது, பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பது. மறு ஆண்டு பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களின் பண்ணைகளில் இதே நோய். இப்படி ஒவ்வொரு முறை நடக்கும்போதும் பழி முதலில் விழுவது வலசைப் பறவைகள் மேல்தான். அவை வைரஸைக் கொண்டுவரக் கூடியவை என்பது மெய். ஆனால் பண்ணையிலிருந்து பண்ணைக்கு அதைக் கொண்டுபோவதில் கழுவாத முட்டை அட்டைகளுக்கும் கோழிக்கூண்டு ஏற்றிய வண்டிகளுக்கும் ஒரே செருப்போடு நான்கு கொட்டகைக்குள் போய்வரும் கால்களுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. காட்டுப் பறவைகளைக் கொல்வதாலோ ஏரியை வற்றடிப்பதாலோ பயனில்லை, கலைந்து போகும் பறவைகள் நோயை இன்னும் பரப்பவே செய்யும் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக விலங்கு சுகாதார அமைப்பும் சொல்லிவருகின்றன. நேலப்பட்டு உழவர் தலைமுறைகளாகக் காத்த பறவையைப் பண்ணைக்காரரின் பயத்துக்காகக் கைவிட வேண்டிய தேவை எதுவும் இல்லை. பண்ணைத் தண்ணீர்த் தொட்டியில் காட்டுப் பறவை இறங்காமல் வலை கட்ட வேண்டும். மேயும் நாட்டுக்கோழியை அந்த மாதங்களில் ஏரிக்கரைக்கு விடாமல் இருக்க வேண்டும்.

இதே மண்ணிலிருந்து வேறொரு திசையிலும் எது உயிரியல் அபாயம் என்ற கேள்வி கிளம்புகிறது. 2013 நவம்பர் 5 அன்று செவ்வாயை நோக்கி மங்கள்யான் கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் புறப்பட்டது. 1967-இன் விண்வெளி உடன்படிக்கை மற்ற கோள்களை மாசுபடுத்தாமலும், அங்கிருந்து வருவதால் பூமிக்குத் தீங்கு நேராமலும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. அதனால் செவ்வாய்க்குப் போகும் கலங்களில் நம் பாக்டீரியா எவ்வளவு ஒட்டியிருக்கலாம் என்பதற்குச் சர்வதேச வழிகாட்டுதல் உண்டு. அங்கே நாம்தான் உயிரியல் அபாயம். அப்பல்லோ 11-இல் நிலவுக்குப் போய்வந்தவர்களை 21 நாள் கணக்கில் தனிமைப்படுத்தினார்கள். நிலவில் உயிர் இல்லை என்று உறுதியானதும் அப்பல்லோ 14-க்குப் பிறகு அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். கிருமியே இல்லாத இடத்துக்கும் முதலில் காவல் போட்டு, சான்று கிடைத்ததும் நீக்கிய அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பூமிக்குத் திரும்புவோம். 2025 மார்ச்சில் பல்நாடு மாவட்டம் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை மங்களகிரி எய்ம்ஸில் இறந்தது. எச்5என்1 என்பதைப் புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் உறுதி செய்தது. கோழிக்கறியை நறுக்கும்போது குழந்தைக்குப் பச்சைத் துண்டு ஒன்று தின்னக் கிடைத்திருக்கிறது என்று விசாரணையில் தெரியவந்தது. அதே கறியைச் சமைத்துச் சாப்பிட்ட வீட்டார் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 70 டிகிரி வெப்பம் உள்வரை எட்டினால் இந்த வைரஸ் அழிந்துவிடும். நம் குழம்பு கொதிப்பது அதற்கு மேல். அந்தக் குழந்தையின் சாவை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. பறவைக் காய்ச்சல் செய்தி வந்த நாளில் கோழிக்கறி தின்னாதே என்று கூவுவதைவிட, பச்சைக் கறி நறுக்கும் இடத்தில் குழந்தையை உட்காரவைக்காதே, நறுக்கிய பலகையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவு என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கலாம்.

உண்பவரைவிட அறுப்பவருக்கே இடர் அதிகம். நாயுடுபேட்டை, சூளூர்பேட்டை, தடா என்று நெடுஞ்சாலையோரம் உள்ள எந்தக் கோழிக்கடையிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். கூண்டிலிருந்து கோழியை எடுத்து, கழுத்தை அறுத்து, பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, அது அடங்கியதும் தோலை உரித்து, குடலை உருவி, மரக்கட்டையில் வைத்து வெட்டித் தருகிறார் ஒருவர். டிரம்முக்குள் கோழி அடித்துக்கொள்ளும்போது துளிகள் முகத்துக்கு எழும்புகின்றன. கையுறை இல்லை, முகக்கவசம் இல்லை. குளிர்காலத்தில் அவருக்கே ஃப்ளூ காய்ச்சல் இருக்கலாம். மனித ஃப்ளூ வைரஸும் பறவை வைரஸும் ஒரே ஆளின் உடலில் ஒரே நேரத்தில் சந்தித்தால் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொள்ள முடியும். அப்படிப் பிறக்கும் வைரஸ் மனிதத் தொண்டையைப் பற்றிக்கொள்ளக் கற்றிருக்கலாம். இத்துறையின் பெரிய அச்சம் அதுதான். கோழியோடு வேலை செய்பவர்களுக்கு ஆண்டுதோறும் சாதாரண மனித ஃப்ளூ தடுப்பூசி போடுவது இந்தச் சந்திப்பைக் குறைக்கும். பின்லாந்து 2024-இல் ஒரு படி மேலே போய், பறவைகளோடும் உரோமத்துக்காக வளர்க்கும் விலங்குகளோடும் வேலை செய்பவர்களுக்குப் பறவைக் காய்ச்சல் தடுப்பூசியையே வழங்கியது. திருப்பதி, நெல்லூர், திருவள்ளூர் மாவட்டங்களில் அக்டோபரில் கூழைக்கடா வருவதற்கு முன் கோழிக்கடைத் தொழிலாளர்களுக்கும் பண்ணை ஆட்களுக்கும் முதலில் சொன்ன தடுப்பூசியையாவது ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போட வேண்டும். ஒரு ஜோடிக் கையுறையும் கண்ணாடியும் முகக்கவசமும் அதோடு கொடுக்க வேண்டும்.